மலையேறாத டெண்டர்

ஜவ்வாது மலையில் குழாய் வந்தது, தொட்டி வந்தது. தண்ணீரையும் அது கழிவாகி வெளியேறும் வழியையும் சேர்த்து வாங்கும் ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும்?

சித்திரை மாதத்து விடியற்காலை. ஜமுனாமரத்தூரிலிருந்து விலகி, மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு குக்கிராமம். பலா மரத்துக்குக் கீழே, பாறை இடுக்கில் ஓர் ஊற்று கசிகிறது. அதைச் சுற்றிக் குடங்கள்: பச்சை, நீலம், ஆரஞ்சு, நடுவில் அடி நசுங்கிய எவர்சில்வர் குடம் ஒன்று. முதலில் குந்தியிருக்கும் பெண்ணின் கையில் சொம்பு. அரைச் சொம்பு ஊறும்வரை காத்திருந்து, மண் கலங்காமல் சாய்த்து மொண்டு, துணி கட்டிய குடத்தின் வாயில் ஊற்றுகிறார். பின்னால் நிற்பவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை. அவசரப்பட்டால் ஊற்று கலங்கும், அது தெளிய இன்னொரு அரை மணி ஆகும்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வீடுகள். வாசலில் சிமென்ட் திண்டு, திண்டில் குழாய், பக்கத்துச் சுவரில் திட்டத்தின் பெயர். மழைக்காலத்தில் அந்தக் குழாயில் தண்ணீர் வரும். பங்குனி பிறந்தால் குழாய் வற்றிவிடும், பெண்கள் பழையபடி ஊற்றடிக்குத் திரும்புவார்கள். ஜவ்வாது மலையின் மேட்டூர்களில் கோடைதோறும் நடப்பது இது.

பணம் ஒதுக்காமல் இந்த நிலை வரவில்லை. மதிப்பீடு போட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி, பில் கொடுத்து, கோப்பை மூடிய பிறகும் இந்த நிலை நீடிக்கிறது. அரசு செலவழித்த பணத்துக்கு எதை வாங்கியது என்ற கேள்வியை அதனால்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

யார் வாங்குகிறார்கள்?

சட்டப்படி, ஊருக்குக் குடிநீர் கொடுப்பது ஊராட்சியின் கடமை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110ஆம் பிரிவில் இதை விருப்பப்பட்டால் செய்யும் வேலைகளோடு வைக்கவில்லை, கட்டாயக் கடமைகளோடு வைத்திருக்கிறது. வடிகால் கட்டுவதும் கழிவுநீரை அகற்றுவதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. சட்டம் எழுதியவர்கள் வரும் தண்ணீரையும் போகும் தண்ணீரையும் ஒன்றாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

நடைமுறையில் வாங்குபவர்கள் பலர். பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால், 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குள் போடும் குழாய், மேல்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு என்றால் ஊரக வளர்ச்சித் துறை, அதாவது ஒன்றிய அலுவலகமும் ஊராட்சியும். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் இவர்கள் எல்லார் கையிலும் ஒரே இலக்கைக் கொடுத்தது: ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அப்போது தமிழ்நாட்டில் குழாய் இணைப்பு இருந்த ஊரக வீடுகள் சுமார் 22 லட்சம். 2025இல் அது 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. இது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கணக்கில் ஏறுவது இணைப்பு. அந்த இணைப்பில் வைகாசி மாதம் தண்ணீர் வருகிறதா என்பது கணக்கில் ஏறுவது அரிது.

┃ பெட்டிச் செய்தி
┃ ஒரு மலை, மூன்று மாவட்டம்
┃ ஜவ்வாது மலையின் பெரும்பகுதி திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலை ஒன்றியம். 11 ஊராட்சிகள், தலைமையிடம் ஜமுனாமரத்தூர். மேற்கே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை திருப்பத்தூர் மாவட்டம். வடக்கே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகியவை வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டுப் பகுதி.
┃ திருவண்ணாமலை மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்குத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. இதனால் ஒரே மலையில், ஒரு சரிவில் தலைவர் கையெழுத்திட்ட அதே காலத்தில் மறு சரிவில் வட்டார வளர்ச்சி அலுவலர் கையெழுத்திட்டார்.
┃ இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, பலா, புளி, தேன், மிளகு ஆகியவை மலையின் விளைச்சல்.

குறைந்த விலைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் அரசு எதை வாங்கினாலும் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். ஊரறிய அறிவிக்க வேண்டும், குறித்த நாளில் எல்லார் முன்பாகவும் திறக்க வேண்டும், குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். வேண்டியவருக்கு வேலை கொடுக்கும் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்ட நல்ல சட்டம் இது. இதைத் தளர்த்தச் சொல்லி இங்கே யாரும் வாதாடவில்லை.

சிக்கல் ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. வழக்கமான குடிநீர் வேலையின் மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால் இத்தனை மீட்டர் குழாய், இத்தனை அடி போர், இத்தனை குதிரைத்திறன் மோட்டார், இத்தனை ஆயிரம் லிட்டர் தொட்டி என்று வரி வரியாக இருக்கும். வேலை முடிந்ததும் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார், அதன்படி பில் வரும். குழாய் நீளத்தை அளக்கலாம், தொட்டியின் விட்டத்தை அளக்கலாம். மூன்றாம் வருடத்துக் கோடையில் வரப்போகும் தண்ணீரை இன்று அளக்க முடியாது என்பதால், அது ஒப்பந்தத்துக்குள் வருவதே இல்லை.

சமவெளியில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஒரு போர் கைவிட்டால் பக்கத்தில் இன்னொன்று, அதுவும் போனால் லாரி. மலையில் அப்படியில்லை. ஜவ்வாது மலை கடினப் பாறை மலை. தண்ணீர் மண்ணுக்கடியில் ஏரிபோலப் பரந்து கிடப்பதில்லை, பாறையின் வெடிப்புகளில் ஒளிந்திருக்கிறது. பத்தடி தள்ளிப் போர் போட்டால் வெறும் புகைதான் வரும். வெடிப்பில் தண்ணீர் கிடைத்தாலும், அது வடகிழக்குப் பருவமழை ஊறிய நீராக இருக்கலாம். கார்த்திகையில் போர் போட்டுச் சோதித்தால் எந்தப் போரும் பாஸ் ஆகும். பங்குனி முடிந்து சோதித்தால்தான் உண்மை தெரியும். மலை ஊராட்சிகளுக்கான ஒவ்வொரு குடிநீர் ஒப்பந்தத்திலும் ‘நீராதாரத்தின் ஊறும் அளவு ஏப்ரல், மே மாதங்களில் சோதிக்கப்பட வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் பாதிக் குழாய்கள் பிழைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வரியைச் சேர்க்க யாரும் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.

பொருளைக் கொண்டுபோவது இன்னொரு பாடு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தபோது, நல்ல சாலை இல்லாததால் குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடக்க நேர்ந்தது. நாடு முழுவதும் அதைப் படித்து வருந்தினோம். ஆம்புலன்ஸ் ஏற முடியாத பாதையில் போர் வண்டியும் ஏற முடியாது, குழாய் லாரியும் ஏற முடியாது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். இந்தச் செலவை முழுதாகக் கணக்கிட்டு விலை கேட்பவருக்கு வேலை கிடைக்காது. குறைத்துக் கேட்பவர் வேலையை எடுத்துவிட்டு, குழாயை ஆழமாகப் புதைக்காமல் பாறைமேல் ஓட்டிவிட்டுப் போவார். வெயிலில் பிளாஸ்டிக் வெடிக்கும், மாடு மிதித்து உடையும், காட்டுத்தீ வந்தால் உருகும். ஏலத்தில் மிச்சமான ரூபாயை அந்த ஊர்ப் பெண்கள் இடுப்புக் குடத்தால் ஈடுகட்டுகிறார்கள்.

இதே ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. 10ஆம் பிரிவு குறைந்த விலையை ஏற்கச் சொல்லும்போதே, அந்த ‘குறைந்த’ என்பதை ஒப்பந்த ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்ட, அளவிடக்கூடிய காரணிகளைக் கொண்டு, அவற்றுக்கு உரிய எடை கொடுத்து முடிவு செய்ய இடம் தருகிறது. பத்தாண்டு மின்செலவைக் காரணியாக்கலாம். பழுது பார்க்க எடுக்கும் நேரத்தைக் காரணியாக்கலாம். கதவு திறந்துதான் இருக்கிறது, அதன் வழியே நுழைந்து ஆவணம் தயாரிக்கும் துணிவுதான் அலுவலகங்களுக்கு வேண்டும்.

மோட்டார் எரிந்த மறுநாள்

ஊராட்சியின் குடிநீர் வரலாறு மோட்டாரின் வரலாறுதான். லோ வோல்டேஜில் ஓடி ஓடிக் காயில் எரியும். சமவெளி ஊராட்சியில் காலையில் எரிந்த மோட்டாரை மாலைக்குள் மெக்கானிக் தூக்கிவிடுவார். மலையில் மெக்கானிக்கே போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஏறி வர வேண்டும். மோட்டாரைக் கழற்றிக் கீழே கொண்டுபோய், காயில் கட்டி, மறுபடி ஏற்றிப் பொருத்த ஒரு வாரம் ஆனாலும் யாரையும் குறைசொல்ல முடியாது.

அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகைக்கும் என்றே தனியாகக் ‘கணக்கு எண் 2’ உண்டு. அதில் விழும் பணம் பெரும்பாலும் மின்வாரியத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் சரிபாதியாகக் கட்டிவைத்தது. பராமரிப்புக்கும் அதைச் செலவிடலாம். ஆனாலும் புதுத் தொட்டி கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், பழைய வால்வை மாற்றினால் வைக்க முடியாது என்ற மனநிலை ஊராட்சி முதல் தலைமைச் செயலகம் வரை ஒன்றுதான்.

இதற்கிடையில் நிற்பவர் தொட்டி இயக்குபவர். ஊர்க்காரர்கள் ‘டேங்க் ஆபரேட்டர்’ என்பார்கள். விடிவதற்கு முன் எழுந்து மோட்டார் போட வேண்டும், வால்வு திருப்பித் தெருத் தெருவாகத் தண்ணீர் விட வேண்டும், தொட்டி ஏறிக் கழுவ வேண்டும், குளோரின் கலக்க வேண்டும். தண்ணீர் வராத அன்று முதல் வசவு அவருக்குத்தான். கோடிக்கணக்கில் செலவழித்த திட்டத்தை அன்றாடம் இயக்கும் இந்த மனிதருக்குக் கிடைக்கும் ஊதியம் மிகச் சொற்பம். பயிற்சியும் கருவிப்பெட்டியும் அதைவிடச் சொற்பம். கறவை மாட்டை வாங்கிக் கட்டிவிட்டுத் தீவனத்துக்கு வழி சொல்லாமல் போனது போலத்தான் இந்தத் திட்டங்கள் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஜவ்வாது மலையின் இளைஞர்கள் பிழைப்புக்காக மலை இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். குழாய் பொருத்துநர், மோட்டார் மெக்கானிக், நீர்ப் பரிசோதனை செய்பவர் என மாதச் சம்பளம் தரும் வேலைகளை மலையிலேயே உருவாக்க முடியும். பராமரிப்பை ஒப்பந்தத்தின் பகுதியாக்கி, அதில் உள்ளூர் ஆட்களை அமர்த்துவதைக் கட்டாயமாக்கினால் அந்த வேலைகள் பிறக்கும். பில் வாங்கியதும் ஊரைவிட்டுப் போகும் ஒப்பந்தம் எந்த வேலையையும் விட்டுவைக்காது.

┃ பெட்டிச் செய்தி
┃ ஒரு வீட்டுக் கணக்கு
┃ ஆளுக்கு 55 லிட்டர், ஐந்து பேர் குடும்பம்: நாளுக்கு 275 லிட்டர், மாதத்துக்குச் சுமார் 8,250 லிட்டர்.
┃ 1,000 லிட்டரை 100 மீட்டர் உயரம் தூக்க, பம்பின் திறன் பாதி என்று வைத்தால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். அடிவாரத்திலிருந்து 500 மீட்டர் ஏற்றினால் சுமார் 2.7 யூனிட். மாதம் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மின்கட்டணம் மட்டுமே சுமார் 180 ரூபாய்.
┃ அதே தண்ணீரை ஊருக்கு மேலுள்ள ஊற்றிலிருந்து குழாயில் இறக்கினால் மின்கட்டணம் கிடையாது.
┃ வீட்டுக்கு வரும் நீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஒரு வீட்டுக்கு 220 லிட்டர், ஐம்பது வீட்டு ஊருக்கு நாளொன்றுக்கு 11,000 லிட்டர்.

போகும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

பெட்டியின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஐம்பது வீட்டுக் குக்கிராமத்துக்குக் குழாய் கொடுத்த அன்றே, நாளுக்கு 11,000 லிட்டர் கழிவுநீரையும் அந்த ஊருக்குக் கொடுத்திருக்கிறோம். முன்பு குடத்தில் சுமந்து வந்த நீரைப் பாத்திரம் கழுவி, அதையே வாழைக்கு ஊற்றினார்கள். குளியல் ஓடையில். கழிவுநீர் என்று தனியாக ஒன்று அந்த ஊரில் பெரிதாக இல்லை. குழாய் வந்ததும் அது பிறக்கிறது. ஆனால் குழாய் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் போவதே வழக்கம். அது வேறு திட்டம், வேறு தலைப்பு, வேறு ஆண்டு நிதி.

சமவெளியில் தேங்கும் கழிவுநீர் அந்தத் தெருவை நாறடிக்கும். மலையில் அது கீழே இறங்கும். மேலூர்க்காரர்களின் கழிவறைக் குழி எங்கே இருக்கிறதோ, அதற்குக் கீழேதான் கீழூர்க்காரர்களின் ஊற்று. மண் ஆழமாக இருக்கும் இடத்தில் குழியிலிருந்து கசியும் நீரை மண் வடிகட்டும். கைப்பிடி மண்ணுக்கடியில் வெடித்த பாறை இருக்கும் இடத்தில் வடிகட்ட எதுவும் இல்லை. கழிவு நேரே வெடிப்பில் இறங்கி, யாரோ ஒருவரின் சொம்பில் ஊறும். குழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 10 மீட்டர் இடைவெளி போதும் என்ற கையேட்டு விதியை இங்கே அப்படியே நம்பிவிட முடியாது.

கழிவறைகள் வந்தது நல்லது. பெண்களுக்கு அது மானத்தோடும் பாதுகாப்போடும் சேர்ந்த விஷயம். எந்தக் கழிவறை என்பதில்தான் பிழை நடக்கிறது. செப்டிக் டேங்க் கட்டினால் சில வருடங்களில் நிரம்பும். நிரம்பினால் கழிவு உறிஞ்சும் லாரி வர வேண்டும். லாரி ஏறாத ஊரில் அந்த டேங்கை யார் காலி செய்வது? மனிதர் இறங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரி ஏறினாலும், உறிஞ்சியதைக் கொட்ட இடம் வேண்டும். 2017இல் செங்கற்பட்டுப் பக்கம் கருங்குழியில் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. பிறகு பல நகரங்களுக்கு அது பரவியது. நகரங்களுக்கு என்று எழுதப்பட்ட அந்த ஏற்பாடு மலையேறவில்லை.

மலைக்குப் பொருந்துவது இரட்டைக் குழிக் கழிவறை. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடி, இரண்டாவதுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி இரண்டு ஆண்டில் மக்கி எருவாகும். லாரி வேண்டாம், யாரும் இறங்க வேண்டாம். ஆனால் குழி எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று ஊருக்கு ஊர் பார்த்துச் சொல்ல நிலவியல் தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்கான கட்டணத்தை எந்த மதிப்பீட்டிலும் காண்பது அரிது. கழிவறை கட்ட வீட்டுக்கு வீடு பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுக்க முடிந்த திட்டத்தால், ஊருக்கு ஒரு நாள் நிலவியலாளரை அனுப்ப முடியாதா?

விடுதிகளின் கதை இன்னும் பெரிது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மருத்துவமனை, ஜமுனாமரத்தூர் கடைத்தெரு, கோடை விழாவுக்கு வரும் கூட்டம், பெருகிவரும் தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் கழிவுநீரை வீட்டுக் குழிகளால் தாங்க முடியாது. இதற்கு மோட்டாரும் ஆபரேட்டரும் கேட்கும் பெரிய நிலையங்கள் தேவையில்லை. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை பல ஆண்டுகளாகத் தன் கழிவுநீரைத் தடுப்புத் தொட்டிகள், கூழாங்கல் படுகை, நீர்ச்செடிகள், திறந்த குளம் வழியாக இறக்கிச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுகிறது. சரிவுள்ள இடம்தான் இந்த முறைக்கு வாகானது. மலைக்குச் சரிவில் பஞ்சமில்லை.

இதை மலைக்காரர்களின் பிரச்சினை என்று கீழே இருப்பவர்கள் ஒதுக்கக் கூடாது. செய்யாறு இங்கே பிறந்து குப்பநத்தம் அணை வழியாகச் செங்கத்துக்கு இறங்குகிறது. கமண்டல நாகநதி செண்பகத்தோப்பு அணைக்கு வருகிறது. இரண்டும் கடைசியில் பாலாற்றின் குடும்பம். மலை எப்படிக் கழுவுகிறதோ, அப்படித்தான் போளூரும் செங்கமும் ஆரணியும் குடிக்கும்.

நகரம் எப்படி வாங்குகிறது?

2010இல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்த நிலையத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் காசு கொடுத்து வாங்கவில்லை. 25 ஆண்டுகளுக்கு, 1,000 லிட்டருக்கு இவ்வளவு என்று தண்ணீரை வாங்க ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் ரிப்பேரானால் அது கட்டியவரின் கவலை. தண்ணீர் வந்தால் பணம், வராவிட்டால் இல்லை. அந்த விலை கூடுதலா குறைவா என்று விவாதிக்கலாம். ஆனால் சென்னை தண்ணீரை வாங்கியது, ஜவ்வாது மலைக்குக் குழாயை வாங்கிக் கொடுத்தோம் என்ற வேறுபாடு விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

கழிவுநீரிலும் இப்படி ஒரு வழி வந்துவிட்டது. கங்கைத் தூய்மைத் திட்டத்தில் 2016 முதல் பல சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கட்டும்போது 40 சதவீதப் பணம் மட்டுமே தரப்படுகிறது. மீதி 60 சதவீதம் 15 ஆண்டுகளில், நிலையம் ஒழுங்காக ஓடி, வெளியேறும் நீர் நிர்ணயித்த தரத்தில் இருந்தால் மட்டுமே. கட்டியவர் ஊரைவிட்டுப் போக முடியாது.

தனியாரிடம் நீண்ட காலத்துக்கு ஒப்படைப்பதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. திருப்பூரில் 2005இல் சுமார் 1,023 கோடி ரூபாயில் இந்தியாவின் முதல் பெரிய தனியார் பங்கேற்புக் குடிநீர்த் திட்டம் ஓடத் தொடங்கியது. பவானியிலிருந்து வந்த நீரை முக்கியமாகச் சாயப்பட்டறைகள் வாங்கின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் விற்பனை சரிந்து, திட்டமே தடுமாறியது. கோவையில் 2018இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துடன் 26 ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தம் மக்களிடையே பலத்த எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டில் பாரிஸ் மாநகரமே 2010 ஜனவரி 1 முதல் தன் தண்ணீரைத் தனியாரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆகவே மலைக்கு ஒரு பெரிய கம்பெனியைக் கூட்டிவர வேண்டும் என்பதில்லை. பணம் தரும் முறையை மட்டும் நகரத்திடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். வேலையின் மதிப்பில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்கு, கோடையில் அளந்த நீரையும் பரிசோதித்த தரத்தையும் பார்த்து ஆண்டுதோறும் விடுவிக்கலாம். பெறுபவர் ஒப்பந்ததாரராக இருக்கலாம், மகளிர் குழுக் கூட்டமைப்பாக இருக்கலாம், ஊரின் குடிநீர்க் குழுவாகவே இருக்கலாம்.

கடைசியில் சொன்னது கற்பனை அல்ல. ஒடிசாவின் மலைக் கிராமங்களில் 1979 முதல் இயங்கும் கிராம் விகாஸ் அமைப்பு வைத்த நிபந்தனை ஒன்றை நம் அதிகாரிகள் படிக்க வேண்டும். ஊரில் ஒரு வீடு விடாமல் எல்லாரும் கழிவறையும் குளியலறையும் கட்டி முடித்தால்தான் குழாயில் தண்ணீர் திறக்கப்படும். வரும் நீரும் போகும் நீரும் ஒரே நாளில். பராமரிப்புக்கு வீட்டுக்குச் சராசரி ஆயிரம் ரூபாய் வீதம் ஊர்ப் பொதுநிதி. மலை ஊற்றிலிருந்து தானாக இறங்கும் குழாய்கள் அங்கே நிறைய. இலங்கையில் 1993இல் உலக வங்கி உதவியுடன் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய சமூகக் குடிநீர்த் திட்டத்தில் ஊர்ச் சங்கங்களே வேலையை நடத்தின, கட்டணம் வசூலித்தன. மலையகத் தமிழர்கள் வாழும் பதுளைக்கு முடிந்தது பீஞ்சமந்தைக்கு முடியாதா?

ஊற்றைப் பட்டியலில் சேர்ப்போம்

நம் திட்டங்கள் ஊற்றைப் பழைய காலத்துப் பொருளாகப் பார்க்கின்றன. போர் போட்டால் நவீனம், ஊற்று என்றால் பின்தங்கல். சிக்கிம் 2008 முதல் இதை மாற்றிப் பார்த்தது. ஊற்றுக்கு மேலே, மழைநீர் எந்தச் சரிவில் இறங்கி அந்த ஊற்றுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, அங்கே நூறு நாள் வேலை நிதியில் அகழிகள் வெட்டினார்கள். வற்றிய ஊற்றுகள் கோடையிலும் கசியத் தொடங்கின. ஜவ்வாது மலையிலும் ஒவ்வொரு ஊருக்கும் அதன் ஊற்றுகள் பெயரோடு தெரியும். எது சித்திரையில் வற்றும், எது எந்தப் பஞ்சத்திலும் வற்றாது என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அறிவை மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். ஊற்று நீரில் கிருமி இருக்கக்கூடும். குளோரின் போட்டும் ஊற்று வாயை மூடிக் கட்டியும் அதைச் சரிசெய்யலாம்.

ஊற்றும் அதற்கு மேலுள்ள சரிவும் பெரும்பாலும் வனத்துறை எல்லையில் இருக்கும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் தடை. அதற்கும் சட்டத்தில் விடை உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(2) பிரிவில், குடிநீர் வழங்கல், தண்ணீர்க் குழாய், சிறு நீர்நிலை, மழைநீர்ச் சேமிப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அதாவது சாவி கிராம சபையிடம் இருக்கிறது. மனு எழுதி, தீர்மானம் போட்டு, வன அலுவலரிடம் கொடுக்கும் வேலையை ஒப்பந்தம் கோருவதற்கு முன்பே ஒன்றிய அலுவலகம் முடித்துத் தர வேண்டும்.

இன்னொன்றும் அவசியம். ஒப்பந்த ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நூறு பக்கத்துக்கு இருக்கின்றன. எதை வாங்குகிறோம், எவ்வளவுக்கு, யார் பராமரிப்பார், தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்று இரண்டு பக்கத் தமிழில் எழுதி, ஒவ்வொரு தொட்டியின் காலிலும் ஒட்டலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் மலை, பழங்குடி ஊர்கள் 5 சதவீதம் பங்கு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்ற ஊர்களுக்கு அது 10 சதவீதம். பணமாகவோ உழைப்பாகவோ பங்கு கொடுப்பவருக்கு ரசீது உண்டு, கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு.

காலம் குறைவாக இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பணம் சீராக வருவதில்லை. 2024-25இல் ஒதுக்கிய 70,163 கோடி ரூபாய், திருத்திய மதிப்பீட்டில் 22,694 கோடியாகச் சுருங்கியது. வரும் பணம் குறையும்போது, கிடைப்பதை மீண்டும் வெறும் குழாயில் போடக் கூடாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் நாள். மலையில் கோடை தொடங்கும் வேளை அது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபைக்கு உள்ள அதிகாரம் ஒன்றுதான். ஜவ்வாது மலையின் ஊராட்சிகளில் இருப்பவர்கள் அன்று மூன்று தாள்களைக் கேட்க வேண்டும்: நீராதாரத்தைக் கோடையில் சோதித்த அறிக்கை, பராமரிப்பு யார் பொறுப்பு என்று சொல்லும் ஒப்பந்தப் பக்கம், கழிவுநீர் எங்கே போகும் என்று காட்டும் வரைபடம். மூன்றும் கைக்கு வரும்வரை புதிய வேலைக்கு ஒப்புதல் தீர்மானம் போடாதீர்கள்.